கறுப்பு-வெள்ளை ஷீட் பிலிம்: இன்று யார் தருகிறார்கள், நாளை யார் தருவார்கள்?

பாளையங்கோட்டையில் தாத்தா நடத்திய ஸ்டூடியோவிலிருந்து ஹாஃப் பிளேட் (4¾×6½ அங்குலம்) அளவுள்ள ஒரு மரக் கேமரா உங்கள் கைக்கு வந்திருக்கிறது. அதற்குக் கறுப்பு-வெள்ளை ஷீட் பிலிம் (சுருளாக இல்லாமல் தனித்தனித் தாளாக வெட்டிய பிலிம்) இன்னும் கிடைக்கிறதா, பத்து ஆண்டு கழித்தும் கிடைக்குமா, அப்படியில்லையென்றால் பெல்லோஸுக்கும் (லென்ஸையும் பின்பக்கத்தையும் இணைக்கும் மடிப்புத் துருத்தி) லென்ஸுக்கும் பணம் போட்டுச் செப்பனிடுவது வீண்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் செப்பனிடுங்கள். பிலிம் கிடைக்கிறது. என் கணிப்பில் உங்கள் கேள்வியிலுள்ள பத்து ஆண்டுகளைத் தாண்டியும் கிடைக்கும். ஆனால் திருநெல்வேலிச் சந்திப்பிலோ வண்ணார்பேட்டையிலோ ஒரு கடையில் போய்க் கேட்டு வாங்கும் பொருளாக அது இனி வராது. எந்தப் பிலிம், எந்த ஆலையிலிருந்து, எந்த அளவில், ஆண்டில் எப்போது வாங்குவது என்று முன்கூட்டியே திட்டமிடுகிறவருக்கு மட்டுமே அது தொடர்ந்து கிடைக்கும். இப்படிச் சொல்வதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இன்று தாமே எமல்ஷன் (ஒளியை உணரும் பூச்சு) தயாரித்து, தாமே பூசி, ஷீட்டாக வெட்டித் தரும் ஆலைகளில் மூன்று முக்கியமானவை. இங்கிலாந்தில் செஷயர் பகுதியிலுள்ள மோபர்லி என்ற ஊரில் ஹார்மன் நிறுவனம் இல்ஃபோர்டு பிலிம்களைச் செய்கிறது. எஃப்பி4 பிளஸ், எச்பி5 பிளஸ், டெல்டா 100, ஆர்த்தோ பிளஸ் ஆகியவை ஷீட்டாக வருகின்றன. அமெரிக்காவின் ராச்செஸ்டரில் ஈஸ்ட்மன் கோடாக் ஆலை டி-மேக்ஸ் 100, டி-மேக்ஸ் 400, டிரை-எக்ஸ் 320 ஆகியவற்றைத் தருகிறது. செக் நாட்டின் ஹ்ராடெட்ஸ் க்ராலோவே நகரில், 1921 முதல் இயங்கிவரும் ஃபோமா நிறுவனம் ஃபோமாபான் 100, 200, 400 என்ற வரிசையை வைத்திருக்கிறது. இவை தவிர ஜெர்மனியின் அடாக்ஸ், சீனாவின் ஷாங்காய் ஜிபி3 போன்றவையும் உண்டு. அவை சில காலம் கிடைப்பதும் சில காலம் கிடைக்காமல் போவதுமாக இருப்பதால், அவற்றை நம்பி ஒரு கேமராவை வைத்துக்கொள்ள வேண்டாம். சில பெரிய கடைகள் தம் பெயரை ஒட்டி விற்கும் மலிவான பிலிம்களும் மேலே சொன்ன ஆலைகளில் ஏதோ ஒன்றில் உருவானவையே. எனவே, பெட்டியின் மேலுள்ள பெயர்களைக் கண்டு, பிலிம் செய்கிறவர்கள் பலர் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது.

ஷீட் பிலிமின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பவர்கள் பெரும்பாலும் ஷீட் பிலிம் பயன்படுத்துகிற நாம் அல்லர். இதைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாக விளங்கும். ஆலையில் எமல்ஷன், ஒரு மீட்டருக்கும் அதிக அகலமுள்ள நீண்ட சுருளின் மீது, முழு இருட்டில், ஓட்ட வேகத்தில் பூசப்படுகிறது. ஒரு முறை இயந்திரத்தை ஓட்டினால் கிடைக்கும் பரப்பு மிகப் பெரியது. சிறிய அளவில் ஓட்டுவது கட்டுப்படியாகாது. 35 மில்லிமீட்டர் பிலிமும் 120 ரோல் பிலிமும் விற்கிற விற்பனைதான் அந்த எமல்ஷனை ஆண்டுதோறும் தயாரிக்க வைக்கிறது. ஷீட்டுக்கு அதே எமல்ஷனைத் தடித்த பாலியெஸ்டர் அடித்தளத்தில், ஏறத்தாழ 0.18 மில்லிமீட்டர் கனத்தில், தனியே பூசி, வெட்டி, ஓரத்தில் அடையாளக் குறிகளை நறுக்கி, ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் மூன்று அட்டைப் பெட்டிகளில் அடுக்குகிறார்கள். ஆகவே, கழுத்தில் சிறிய பிலிம் கேமராவை மாட்டிக்கொண்டு திரியும் கல்லூரி மாணவர் வாங்குகிற ஒவ்வொரு எச்பி5 சுருளும் நமது ஷீட்டின் ஆயுளை நீட்டிக்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகளாக இளைஞர்கள் பிலிமுக்குத் திரும்பியிருப்பதை வெறும் மோகம் என்று ஒதுக்குகிற மூத்த புகைப்படக்காரர்களை நான் அறிவேன். அந்த மோகம்தான் நம் பிலிமின் சோற்றுப்பாடு என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த உண்மையிலிருந்து, வாங்குவதற்கு உதவும் ஓர் அளவுகோல் கிடைக்கிறது: எந்த ஷீட் பிலிமின் எமல்ஷன் ரோல் வடிவிலும் விற்கிறதோ அது பாதுகாப்பானது; ஷீட்டுக்காக மட்டுமே தயாரிக்கப்படுவது ஆபத்தில் இருப்பது. இதை வைத்துப் பார்த்தால், எஃப்பி4, எச்பி5, டெல்டா 100, டி-மேக்ஸ் இரண்டும், ஃபோமாபான் வரிசையும் ஒரு பக்கம் நிற்கின்றன. டிரை-எக்ஸ் 320 மறுபக்கம் நிற்கிறது. 35 மில்லிமீட்டரில் கிடைக்கும் டிரை-எக்ஸ் 400 வேறு எமல்ஷன். 320 இப்போது ஷீட்டாக மட்டுமே விற்கப்படுகிறது. ஸ்டூடியோவில் பென்சிலால் ரீடச்சிங் செய்வதற்கென்றே பரப்பு அமைக்கப்பட்ட, முகங்களின் ஒளிர்ந்த பகுதிகளை மிக அழகாகத் தருகிற பிலிம் அது. உங்கள் தாத்தா காலத்து வேலைக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆயினும் புதிதாகத் தொடங்குகிற ஒருவர் அதில் பழகுவதை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

ரோல் விற்றால் ஷீட் தானாகவே பின்தொடர்ந்து வரும் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஃபியூஜிஃபிலிம் தனது அக்ராஸ் 100 பிலிமை 2018-இல் நிறுத்தியது; பலர் வருந்திக் கேட்டபின் 2019-இல் அக்ராஸ் 2 என்ற பெயரில் அது திரும்பி வந்தபோது 35 மில்லிமீட்டரிலும் 120-இலும் மட்டுமே வந்தது. மிக நீண்ட எக்ஸ்போஷரிலும் (ஒளி படவிடும் நேரம்) வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், குறையாத அந்த அருமையான பிலிமின் ஷீட் வடிவம் அன்றோடு போயிற்று. வெட்டுவதற்கும் அடுக்குவதற்கும் தனி இயந்திரமும் பழகிய கைகளும் வேண்டும். அவற்றை வைத்துக்கொள்ள ஆலை விரும்பாவிட்டால் எமல்ஷன் உயிரோடிருந்தும் நமக்குப் பயனில்லை.

கடந்த இருபது ஆண்டுகளில் மறைந்த ஆலைகளின் கதையைப் பார்த்தால் இன்னொரு காரணமும் தெரியும். ஜெர்மனியின் அக்ஃபாஃபோட்டோ 2005-இல் திவாலானது. ஹங்கேரியின் ஃபோர்ட்டே 2007-இல் மூடியது. குரோஷியாவில் எஃப்கே என்ற பெயரில் பழைய பாணிப் பிலிம்களைச் செய்துவந்த ஃபோட்டோகெமிக்கா 2012-இல் நின்றபோது, வாங்குவோர் இல்லை என்பது காரணமாக இருக்கவில்லை. மிகப் பழைய பூச்சு இயந்திரம் பழுதானது. அதைச் சரிசெய்யும் செலவை ஏற்க இயலவில்லை. பிலிம் ஆலைகளைக் கொல்வது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒற்றை இயந்திரமும், அதைக் கையாளத் தெரிந்த கடைசித் தலைமுறை ஓய்வுபெறுவதும்தான். ஆகவே ஓர் ஆலையின் எதிர்காலத்தைக் கணிக்க, அது இயந்திரங்களில் புதிதாக முதலீடு செய்கிறதா என்று பார்க்கிறேன், விளம்பரங்களைப் பார்ப்பதில்லை.

அந்தக் கண்ணோட்டத்தில் ஹார்மனே இன்று மிக உறுதியாக நிற்கிறது. 2004-இல் இல்ஃபோர்டின் பிரிட்டிஷ் நிறுவனம் கடனில் மூழ்கியபோது, அதன் மேலாளர்களே சேர்ந்து 2005-இல் அதை வாங்கி, கறுப்பு-வெள்ளையை மட்டுமே நம்பி நடத்தினார்கள். 2023-இன் இறுதியில் ஃபீனிக்ஸ் என்ற வண்ணப் பிலிமைத் தாமே உருவாக்கி வெளியிட்டது, அந்த ஆலையில் ஆராய்ச்சி இன்னும் உயிரோடிருக்கிறது என்பதற்குச் சான்று. கோடாக்கின் நிலை வேறு. 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரி, அதிலிருந்து மீண்டு வந்த நிறுவனம் அது. அதன் பூச்சு இயந்திரங்களை ஓட வைத்திருப்பது பெருமளவு சினிமாப் பிலிம். 2015-இல் ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோக்கள் தொடர்ந்து பிலிம் வாங்க ஒப்பந்தம் செய்ததால்தான் அந்த ஆலை தப்பியது. 2024 நவம்பரில் உற்பத்தியைச் சில வாரங்கள் நிறுத்தி ஆலையைப் புதுப்பித்தார்கள் என்பது நல்ல அறிகுறி. ஆனால் ஷீட்டின் விலையை அவர்கள் உயர்த்திக்கொண்டே போவதைப் பார்த்தால், இந்த வடிவத்தில் அவர்களுக்குப் பெரிய அக்கறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஃபோமா சிறிய, அடக்கமான ஆலை; மலிவாகத் தருகிறது, பெட்டிக்கு 50 ஷீட் வைக்கிறது, ஆரவாரம் இல்லாமல் நீடிக்கிறது.

நம் நாட்டிலேயே இதைச் செய்திருக்க முடியாதா என்று நீங்கள் கேட்கலாம், செய்தோம். நம் மாநிலத்திலேயே, உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்டு 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற பொதுத்துறை ஆலை, ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு-வெள்ளை ரோல் பிலிமும், பிரின்ட் தாளும், எக்ஸ்ரே பிலிமும் தந்தது. நம் ஊர் ஸ்டூடியோக்களின் மேசையில் இருந்த தாள் பெட்டிகளில் பாதி அதனுடையவை. தூசியற்ற காற்றும் குளிர்ச்சியும் வேண்டும் என்பதற்காக மலைமேல் அமைக்கப்பட்ட அந்த ஆலை, 1990-களில் நலிந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டு, நெடுங்காலம் இழுபறியாக இருந்து, இறுதியில் மூடப்பட்டது. வண்ணப் பிலிமுக்கு மக்கள் மாறியது, இறக்குமதி எளிதானது, பெருங்கடன் வாங்கித் தொடங்கிய விரிவாக்கம் என்று காரணங்கள் பல. அந்த இயந்திரங்களும் அவற்றை இயக்கிய ஊழியர்களின் அறிவும் காப்பாற்றப்பட்டிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. உலகம் முழுவதும் இத்தகைய ஆலைகளை விரல்விட்டு எண்ணலாம். நம்மிடம் ஒன்று இருந்தது.

பக்கத்திலேயே இன்னொரு வாய்ப்பும் இருந்தது. சிவகாசியின் அச்சகங்களில், அச்சுக்கான படங்களை எடுக்கும் புராசஸ் கேமராவுக்கென்று, கறுப்பையும் வெள்ளையையும் மட்டும் தரும் லித் பிலிம் பெரிய பெரிய ஷீட்டுகளாகப் புழங்கியது. கணினியிலிருந்து நேரே அச்சுத் தகட்டுக்குப் போகும் முறை வந்தபின் அந்தத் தேவை அற்றுப்போயிற்று. பழைய கையிருப்பு எங்கேனும் கிடைத்தால், மிகவும் நீர்த்த டெவலப்பரில் கழுவிச் சாம்பல் நிறங்களை ஓரளவு கொண்டுவரலாம். ஆனால் வேகம் (அதை அளக்கும் எண் ஐஎஸ்ஓ) ஐஎஸ்ஓ 10-க்கும் கீழே என்பதால் அசையாப் பொருள்களுக்கு மட்டுமே உதவும்.

எக்ஸ்ரே பிலிம் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் ஊரில் இன்றும் முயன்றால் கிடைக்கக்கூடிய ஒரே ஷீட் பிலிம் அதுதான். மருத்துவமனைகளில் இப்போது தரப்படும் பெரும்பாலான எக்ஸ்ரே படங்கள், கணினி வழியே உலர் முறையில் அச்சிடப்படுபவை. அந்தப் பிலிம் நமக்குப் பயன்படாது. வெளிச்சத்தை உணரும், டெவலப்பரில் கழுவ வேண்டிய பழைய வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். சிறிய எக்ஸ்ரே நிலையங்களுக்குப் பொருள் தரும் மருத்துவ வணிகர்களிடம் 8×10, 10×12 அங்குல அளவுகளில், கறுப்பு-வெள்ளைப் படப்பிலிமின் விலையில் ஒரு சிறு பங்குக்கே அது கிடைக்கும். அது சிவப்பு நிறத்தை உணராது; ஆகையால் சிவப்பு விளக்கொளியில் கண்ணால் பார்த்துக்கொண்டே கழுவலாம் என்பது, புதிதாகக் கற்பவருக்கு ஈடில்லாத வசதி. குறைகளும் உண்டு. இரு பக்கமும் எமல்ஷன் பூசப்பட்டிருப்பதால், தட்டில் சற்றே உராய்ந்தாலும் கீறல் விழும். தட்டின் அடியில் ஒரு கண்ணாடியை வைத்து, ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் கழுவ வேண்டும். ஒளிச்சிதறலைத் தடுக்கும் பின்பூச்சு இல்லாததால், வெயில் படும் வெள்ளைச் சுவரைச் சுற்றி ஒரு மங்கல் படரும். பழகுவதற்கும், ஹோல்டரில் (கேமராவுக்குள் பிலிமை வைக்கும் சட்டம்) வெளிச்சம் கசிகிறதா என்று சோதிப்பதற்கும் இதைவிடச் சிறந்தது இல்லை; ஆனால் மருத்துவத் துறையில் இதன் நாள்கள் எண்ணப்பட்டுவிட்டன என்பதால், இதை நிரந்தரத் துணையாகக் கொள்ள வேண்டாம்.

இனி, நம் நிலத்துக்கு எது பொருந்தும் என்று பார்ப்போம். அட்டவணைகளைப் பார்த்துப் பிலிமைத் தேர்வதைவிட, நீங்கள் கேமராவை எங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்பதை வைத்துத் தேர்வது நல்லது. சாரல் காலத்தில், ஆனி, ஆடி மாதங்களில், தென்மேற்குக் காற்று கணவாய்கள் வழியே வீசும்போது, பனைகளைப் படமெடுக்க நினைத்தால் ஐஎஸ்ஓ 100 பிலிம் உங்களைச் சோதித்துவிடும். நல்ல வெயிலில் லென்ஸ் துளையை எஃப் 32-க்குச் சுருக்கி, மஞ்சள் ஃபில்டரோடு, ஐஎஸ்ஓ 100-க்குக் கிட்டத்தட்ட 1/12 விநாடி வேண்டியிருக்கும். ஓலை முழுவதும் கலங்கிப் போகும், பெல்லோஸும் காற்றில் நடுங்கும். எச்பி5-இல் அதே படம் 1/50 விநாடியில் முடிந்துவிடும். ஆனால் உங்கள் லென்ஸில் ஷட்டரே இல்லாமல், மூடியைக் கழற்றி மாட்டித்தான் எக்ஸ்போஷர் கொடுக்க வேண்டியிருக்கும் என்றால், நிலைமை தலைகீழாகிறது. கையால் நம்பகமாகக் கொடுக்கக்கூடிய மிகக் குறைந்த நேரம் ஒரு விநாடி. அப்போது மெதுவான பிலிமும், சிறிய துளையும், விடியற்கால ஒளியுமே ஒத்துவரும். ஆகவே லென்ஸைச் சரிபார்த்த பிறகே பிலிமை வாங்குங்கள்.

திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலை எடுக்க விரும்பினால், எல்லா நிறத்தையும் உணரும் பிலிமுக்கும் சிவப்பை உணராத ஆர்த்தோ வகைக்கும் உள்ள வேறுபாட்டை அங்கேயே கண்கூடாகக் காணலாம். எஃப்பி4-இல் அந்த மணல் இளஞ்சாம்பலாக விழும். சிவப்பு ஃபில்டர் போட்டால் வெளுத்தே போகும். ஆர்த்தோ பிளஸிலோ எக்ஸ்ரே பிலிமிலோ அதே மணல் கிட்டத்தட்டக் கருத்து, வானம் வெளுத்து நிற்கும். பழைய கண்ணாடிப் பிளேட் காலத்துப் படங்களின் சாயல் வேண்டும் என்பவர்களுக்கு இது பிடிக்கும். நம் மக்களின் முகத்தை ஆர்த்தோவில் எடுக்கும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. பழுப்புத் தோலை அது உள்ளதைவிடக் கருமையாகவும், முகத்தின் சிறு தழும்புகளைப் பெரிதாகவும் காட்டும். மனிதர்களுக்கு அது நியாயம் செய்யாது என்பது என் கருத்து.

மண்டபங்களுக்குள் வேறொரு சிக்கல். கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலின் நாயக்கர் காலச் சிற்பத் தூண்கள் போன்றவற்றை, உரிய அனுமதி பெற்று, உள்ளிருக்கும் இயல்பொளியில் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒளிமீட்டர் 10 விநாடி என்று காட்டினால், அந்தப் பத்து விநாடி மேலே சொன்ன மூன்று ஆலைகளின் எந்த ஷீட் பிலிமுக்கும் போதாது, ஏனெனில் ஒளி மங்கும்போது பிலிமின் வேகமும் தளர்கிறது. தளர்ச்சியின் அளவுதான் பிலிமுக்குப் பிலிம் வேறுபடுகிறது. டி-மேக்ஸ் 100-க்கு 15 விநாடி கொடுத்தால் போதும்; எஃப்பி4-க்கு ஏறத்தாழ 18 விநாடி; எச்பி5-க்கு 20 விநாடி; ஃபோமாபான் 100-க்கோ, அதன் ஆலையே தரும் கணக்கின்படி, 80 விநாடி. மீட்டர் 100 விநாடி காட்டுகிற இருளில் ஃபோமாவுக்கு 1,600 விநாடி ஆகிறது, அதாவது அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் கோயில் நடை சாத்தும் நேரமே வந்துவிடலாம். வெளிப்புறத்தில் மிக இனிமையான சாம்பல் நிறங்களைத் தருகிற, விலையும் குறைந்த ஃபோமாவை நான் மண்டபங்களுக்குப் பரிந்துரைக்காததற்கு இதுதான் காரணம்.

கழுவுதலில் நம்மை வருத்துவது வெப்பம். புத்தகங்களும் ஆலை அட்டவணைகளும் 20 டிகிரி செல்சியஸை அடிப்படையாகக் கொள்கின்றன. சித்திரை, வைகாசியில் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் நம் ஊரில் 32 டிகிரியையும் தாண்டிச் சுடும். எல்லாக் கரைசல்களையும் 24 டிகிரிக்கு இறக்கி, அந்த வெப்பத்துக்குரிய நேரத்தில் கழுவுவதே நடைமுறைக்கு உகந்தது. எச்பி5-ஐ இல்ஃபோர்டின் ஐடி-11 டெவலப்பரில், சம அளவு நீர் கலந்து, 20 டிகிரியில் 13 நிமிடம் கழுவ வேண்டும் என்றால், 24 டிகிரியில் 9 நிமிடம் போதும். டெவலப்பரை மட்டும் குளிர்வித்துவிட்டு, ஹைப்போவையும் (படத்தை நிலைப்படுத்தும் கரைசல்) அலசும் நீரையும் சூடாகவே விட்டுவிடுவது பலர் செய்கிற தவறு. திடீர் மாற்றத்தில் ஜெலட்டின் சுருங்கி நெகட்டிவில் வலைபோல் வெடிப்பு விழும். ஃபோமாவின் எமல்ஷன் ஈரத்தில் மிக மென்மையானது என்பதால் கோடையில் அதைக் குறிப்பாகப் பேண வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகமாக இருந்தால், கரைசல் கலக்கவும் கடைசி அலசலுக்கும் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரை வாங்கிக்கொள்ளுங்கள்.

டெவலப்பருக்காக வெளிநாட்டுப் பொட்டலங்களுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. பள்ளி, கல்லூரி ஆய்வகங்களுக்குப் பொருள் தரும் வேதிப்பொருள் வணிகர்களிடம் மெட்டாலும் சோடியம் சல்ஃபைட்டும் வாங்கி, ஒரு லிட்டர் நீருக்கு மெட்டால் 7.5 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 100 கிராம் என்று கலந்தால் டி-23 டெவலப்பர் ஆயத்தம். நம் கடும் வெயிலின் வெளிச்சத்தையும் நிழலையும் ஒரே நெகட்டிவில் அடக்குவதற்கு, மென்மையாக வேலை செய்யும் அதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. ஹைப்போவும் அப்படியே எடைக்கு வாங்கலாம். பிலிமின் எதிர்காலம் மூன்று வெளிநாட்டு ஆலைகளின் கையில் இருந்தாலும், டெவலப்பரின் எதிர்காலம் முழுக்க முழுக்க நம் கையிலேயே இருக்கிறது.

வாங்கும் முறைக்கு வருகிறேன். இல்ஃபோர்டு ஷீட் 4×5 அங்குலத்தில் பெட்டிக்கு 25 வருகிறது. சென்னை, மும்பை போன்ற நகரங்களின் பிலிம் வணிகர்கள் கேட்டால் தருவித்துத் தருகிறார்கள்; விலை கூடுதலாக இருந்தாலும், சுங்கத்தின் பொறுப்பை அவர்களே ஏற்பதால் முதலில் அந்த வழியே செல்லுங்கள். நீங்களே வெளிநாட்டிலிருந்து தருவித்தால், பெட்டியின் எல்லாப் பக்கங்களிலும், ஒளி பட்டால் கெடும் பொருள், இருட்டறையில் மட்டுமே திறக்க வேண்டும் என்று பெரிதாக ஒட்டச் சொல்லுங்கள். ஷீட் பிலிம் பெட்டியின் உள்ளே தனித்தனி உறை கிடையாது. சோதனைக்காக ஒருவர் உள்ளே பிலிம் தெரியும் வரை திறந்துவிட்டால் அனைத்தும் ஒரே நொடியில் கெடும். விமானத்தில் கையில் கொண்டுவருவோர், புதிய சிடி வகை ஸ்கேனரில் போடாமல் கையால் சோதிக்கக் கேட்க வேண்டும். ஒருமுறை அதில் போனாலே பிலிம் மங்கும் என்று ஆலைகளே எச்சரிக்கின்றன. நாகர்கோவில், தூத்துக்குடி, மதுரை வரை இதில் ஈடுபட்டிருப்பவர்களைத் தேடிப்பிடித்து, ஆண்டுக்கு ஒருமுறை சேர்ந்து வாங்கினால் அனுப்பும் செலவும் குறையும், வணிகரும் நம்மை மதித்துத் தருவிப்பார்.

வாங்கியதை, உறை பிரிக்காத பெட்டியாகவே உறைபெட்டியில் வையுங்கள். நம் வெயிலில் அலமாரியில் கிடக்கும் பிலிம் சில ஆண்டுகளில் மங்கத் தொடங்கும்; உறைநிலையில் ஐஎஸ்ஓ 100 பிலிம் காலாவதித் தேதியைத் தாண்டிப் பல ஆண்டுகள் நன்றாகவே இருக்கும். 400 வேகத்துப் பிலிமை அவ்வளவு காலம் வைத்திருக்கக் கூடாது. வெளியே எடுத்தால், ஓர் இரவு முழுவதும் அறை வெப்பத்துக்கு வரவிட்டபின் திறவுங்கள்; குறிப்பாக ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், குளிர்ந்த ஷீட்டின் மேல் ஈரம் படிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பழைய ஸ்டூடியோ நெகட்டிவ்களும் உங்களிடம் இருந்தால், புளித்த காடி நாற்றம் வீசுகிறதா என்று முகர்ந்து பாருங்கள். அசிட்டேட் அடித்தளம் சிதையத் தொடங்கியதன் அறிகுறி அது, அந்த ஆவி பக்கத்திலுள்ளவற்றையும் கெடுக்கும் என்பதால் உடனே பிரித்து வைக்க வேண்டும். இன்றைய ஷீட்டுகள் பாலியெஸ்டரில் இருப்பதால் அவற்றுக்கு இந்த நோய் இல்லை.

கடைசியாக, ஹாஃப் பிளேட் என்ற அளவு. 4¾×6½ அங்குலம் என்ற இந்தப் பழைய பிரிட்டிஷ் அளவில்தான், 1940-களில் தொடங்கி ஆலப்புழையில் செய்யப்பட்ட வாகீஸ்வரி கேமராக்கள் உட்பட, நம் பக்கத்து ஸ்டூடியோக்களின் பல மரக் கேமராக்கள் அமைந்திருக்கின்றன. இந்த அளவில் ஆயத்தமாக வெட்டிய பிலிமைக் கடைகளில் தேட வேண்டாம். 5×7 அங்குல ஷீட்டை வாங்கி, முழு இருட்டில், அகலத்தில் கால் அங்குலமும் நீளத்தில் அரை அங்குலமும் வெட்டிக் குறைப்பது ஒரு வழி; கத்தியோடு கூடிய நல்ல காகித வெட்டியும், அளவுக்கு நிறுத்த ஒரு மரச்சட்டமும் இருந்தால் போதும். 8×10 எக்ஸ்ரே ஷீட் ஒன்றிலிருந்து ஹாஃப் பிளேட் இரண்டு கிடைக்கும். இன்னொரு வழி, ஹோல்டருக்குள் அடங்கும் 4×5 அங்குல மரச்சட்டம் ஒன்றைத் தச்சரிடம் செய்து வாங்கி, உலகெங்கும் எளிதாகக் கிடைக்கும் அந்த அளவையே பயன்படுத்துவது. பத்தாண்டுக் கணக்கில் பார்த்தால் இதுவே எனக்கு நம்பிக்கை தருகிற வழி. எதைச் செய்தாலும், ஹோல்டர் கண்ணாடிப் பிளேட்டுக்காகச் செய்யப்பட்டதா என்று முதலில் பாருங்கள். அப்படியென்றால், பிளேட்டின் கனத்தை ஈடுசெய்யும் உலோகத் தகட்டு உறை ஒவ்வொரு ஷீட்டுக்கும் வேண்டும். இல்லையேல் பிலிம் பின்னால் தள்ளி உட்கார்ந்து, கண்ணாடித் திரையில் கூர்மையாகக் கண்டது நெகட்டிவில் மங்கலாக விழும். பழைய ஸ்டூடியோப் பொருள்களோடு அந்த உறைகளும் எங்கேனும் கிடக்கலாம், தேடுங்கள்.

அசல் ஹாஃப் பிளேட்டிலேயே எடுக்க வேண்டும் என்று உறுதியாக இருந்தால் இல்ஃபோர்டு ஒரு வழி வைத்திருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, வழக்கொழிந்த அளவுகளுக்கும் மிகப் பெரிய அளவுகளுக்கும், வணிகர்கள் வழியாக முன்பதிவு வாங்கி, வந்த பதிவுகளுக்கு ஏற்ப ஒரே முறை வெட்டி, சில மாதங்கள் கழித்து அனுப்புகிறார்கள். விற்குமா என்று தெரியாமல் வெட்டிக் கிடங்கில் அடுக்கி நட்டப்படுவதைவிட, முதலில் ஆர்டர், பிறகு உற்பத்தி என்ற இந்த ஏற்பாடே ஷீட் பிலிம் முழுமைக்கும் வரவிருக்கும் முறை என்று நான் கருதுகிறேன்; 4×5 கூட ஒருநாள் இப்படித்தான் விற்கப்படலாம். அந்த ஆண்டின் அளவுப் பட்டியலும் பதிவுக்காலமும் அறிவிக்கப்படும்போதே உங்களுக்குத் தகவல் தரும்படி ஒரு வணிகரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். ஒரு பதிவைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க நேரும். அதுவரை லென்ஸையும் பெல்லோஸையும் செப்பனிட்டு, எக்ஸ்ரே பிலிமில் ஹோல்டர்களின் கசிவைச் சோதித்து, 4×5 எஃப்பி4 ஒரு பெட்டியில் கழுவும் நேரத்தை உங்கள் தண்ணீருக்கும் உங்கள் டெவலப்பருக்கும் ஏற்ப நிலைப்படுத்திக்கொள்ளுங்கள்.